உரிமம் கேட்டு வருகிறவர்

இந்த ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் சிறியது. பெருந்தொழில் முதலீட்டைப் பற்றி நாளேடுகள் நாள்தோறும் எழுதுகின்றன. ஒரு பேரூராட்சியில் இட்லி மாவு அரைத்து விற்க நினைக்கும் பெண், ஊராட்சி எல்லையில் மரச்செக்கு போட நினைக்கும் இளைஞர், பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் பழம் விற்கும் முதியவர் ஆகியோர் முதலில் ஏறி இறங்கும் படி எது? அது உள்ளாட்சி அலுவலகத்தின் படி. அங்கே அவர்களுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்க வேண்டும் என்பதுதான் இந்த உரை.

2025 ஜூலையில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். கிராம ஊராட்சிகளில் கடை வைக்கவும் தொழில் செய்யவும் உரிமம் பெறுவது தொடர்பான புதிய விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. வணிகர் சங்கங்கள் எதிர்த்தன. எதிர்க்கட்சிகள் அறிக்கை விட்டன. விதிகளை நடைமுறைப்படுத்துவதை அரசு நிறுத்திவைத்தது. இத்தனைக்கும், உரிமம் இல்லாமல் சில தொழில்களுக்கு இடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 159-வது பிரிவிலேயே இருக்கிறது. சட்டத்தில் முப்பது ஆண்டுகளாக இருந்த ஒன்று, ஊருக்குள் வரப்போகிறது என்றதும் எதிர்ப்பு ஏன் வெடித்தது? விவாதம் முழுவதும் கட்டணத்தைச் சுற்றியே நடந்தது. உரிமம் வாங்கினால் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியை எழுப்பியவர்கள் மிகக் குறைவு. அதில் வியப்பில்லை. உள்ளாட்சியிடமிருந்து கடைக்காரருக்கு இதுவரை வந்தவை ரசீதும் நோட்டீசும்தான்.

உரிமம் என்பது கட்டுப்பாடு மட்டும் அல்ல. அது சிறு வியாபாரியின் கையில் இருக்கும் காப்பு. அந்தக் காப்பைக் கொடுக்கும் கடமை உள்ளாட்சிக்கு இருக்கிறது. வரி வசூலிக்கும் கடமைக்கு எவ்விதத்திலும் குறையாத கடமை அது.

இந்தக் கடமை மறந்துபோனதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. சென்னை மாநகராட்சி 1688-இல் பிறந்தது; இந்தியாவிலேயே பழமையானது. ஆனால் தமிழ்நாட்டின் கடைகளும் பட்டறைகளும் நூறாண்டு காலம் எந்தச் சட்டங்களின் கீழ் உரிமம் பெற்றனவோ அவை 1919-ஆம் ஆண்டு சென்னை நகராட்சிச் சட்டமும், 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும். காலரா, பிளேக் காலத்துக் கவலைகள் அந்தச் சட்டங்களில் பதிந்திருக்கின்றன. தோல், சுண்ணாம்பு, செங்கல், வைக்கோல் என்று நாற்றமும் தூசியும் தீயும் தரக்கூடிய தொழில்களுக்கு ஓர் அட்டவணை போட்டு, அவற்றை நடத்த உரிமம் வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் இன்றும் அதை ‘டி அண்ட் ஓ லைசென்ஸ்’ என்றே சொல்கிறார்கள். ஆபத்தான, தொல்லை தரும் தொழில் என்பதன் சுருக்கம். விண்ணப்பம் சுகாதாரப் பிரிவுக்குப் போவதும், ஆய்வுக்குச் சுகாதார ஆய்வாளர் வருவதும் அந்த வழிவந்த பழக்கம்தான். 1998-இல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அதற்கான விதிகளோடு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்தது. சட்டம் மாறினாலும் மேசைக்கு அந்தப்புறம் இருப்பவரின் பார்வை அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. ஒரு நூற்றாண்டாக அவருடைய வேலை ஊரைத் தொழிலிடமிருந்து காப்பாற்றுவது. தொழிலையும் காப்பாற்றச் சொல்லி அவருக்கு யாரும் ஆணையிட்டதில்லை.

அந்தப் பழைய சட்டங்களிலேயே ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. விண்ணப்பத்தின் மீது குறித்த நாளுக்குள் உத்தரவு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்ற ஏற்பாடு அது. ‘கருதப்படும் ஒப்புதல்’ என்று இன்றைய சீர்திருத்தவாதிகள் புதுமையாகப் பேசுவது நூறு வயதைக் கடந்தது. பயன்படுத்தியவர்கள்தான் சொற்பம். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்தால்தானே நாள் எண்ண முடியும்?

இனி அந்த மாவு வியாபாரத்தையே கிட்டத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் குறைந்த முதலில் தொடங்கக்கூடிய தொழில்களில் அது ஒன்று. பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று, அரிசியும் உளுந்தும் ஊறவைக்க நாலைந்து பெரிய பாத்திரம், ஒரு குளிர்சாதனப் பெட்டி, எலெக்ட்ரானிக் தராசு, பாக்கெட்டை ஒட்டும் சீலிங் மெஷின். வீட்டின் முன்னறையிலேயே தொடங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சிக்கலும் அந்த முன்னறையிலேயே தொடங்குகிறது.

முதலில் மின்சாரம். வீட்டு இணைப்பில் வணிகத்துக்கு மின்சாரம் எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. சோதனையில் பிடிபட்டால், உரிய கட்டணத்தின் இரு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்ற வீட்டுச் சலுகையில் கிரைண்டரை ஓட்டிய குடும்பத்துக்கு அந்த பில் ஒரு வருட லாபத்தைக் கொண்டுபோய்விடும். தனி இணைப்பு வாங்க வேண்டும். வாங்க வேண்டுமானால் இடத்துக்கு உரிமை காட்ட வேண்டும். சொந்த வீடானால் சொத்து வரி ரசீது; வாடகை வீடானால் ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும். தன் வீட்டில் கடை என்று எழுதிக் கொடுத்தால் சொத்து வரி வணிக விகிதத்துக்கு ஏறிவிடும் என்று வீட்டுக்காரர் தயங்குவார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அவரிடமே வரி பாக்கி இருந்துவிட்டால் வாடகைக்காரரின் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அடுத்தது உணவுப் பாதுகாப்புப் பதிவு. இது உள்ளாட்சியின் கையில் இல்லை. மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த ஒழுங்குமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உணவு வணிகருக்குப் பெரிய உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்று வகுத்தன. ஆண்டுக் கட்டணமாக நூறு ரூபாயை நிர்ணயித்தன. அந்த ஒழுங்குமுறைகளில் சிறு வியாபாரிகளில் பெரும்பாலோர் அறியாத ஒரு வரி இருக்கிறது. விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் பதிவு தரப்படாமலும், மறுக்கப்படாமலும், ஆய்வுக்கு உத்தரவிடப்படாமலும் இருந்தால் அவர் தொழிலைத் தொடங்கலாம். ஆய்வு என்று சொல்லிவிட்டு முப்பது நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டாலும் தொடங்கலாம். பின்னால் அதிகாரி வந்து சொல்லும் திருத்தங்களைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். மேலை நாடுகளைப் பார்த்து ஏங்க வேண்டாத அளவு தாராளமான விதி இது. இ-சேவை மையத்துச் சுவரில் இதை எழுதி ஒட்டினால் எத்தனையோ பேரின் அலைச்சல் மிச்சமாகும்.

பதிவு வந்ததும் பதினான்கு இலக்க எண் கிடைக்கும். பதிவு என்றால் அது 2-இல் தொடங்கும், உரிமம் என்றால் 1-இல். பாக்கெட்டின் மேல் அந்த எண்ணோடு பெயர், முகவரி, நிகர எடை, விலை, தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், சைவம் என்பதற்கான பச்சைக் குறி எல்லாம் இருக்க வேண்டும். மாவு புளிப்பது பருவத்துக்குப் பருவம் மாறும். சித்திரையில் காலை அரைத்தது மாலைக்குள் பொங்கி பாக்கெட்டை உப்ப வைக்கும். மார்கழியில் அப்படி இல்லை. ஆகவே எந்த நாளுக்குள் என்று அச்சிடுவது வெறும் சம்பிரதாயம் அல்ல, வியாபாரியின் பெயரே அதில்தான் இருக்கிறது. தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும். அது வேறோர் அலுவலகம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும்.

அதன் பிறகு உள்ளாட்சியின் தொழில் உரிமம். பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சியில் ஆணையர், கிராம ஊராட்சியில் ஊராட்சித் தலைவர் தருவது. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி கட்டி ரசீது வைத்திருக்கும் பலர், அதையே உரிமம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தொழில் வரி வருமானத்துக்கான வரி; ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே எல்லை கட்டியிருக்கிறது. உரிமம் இடத்துக்கும் தொழிலுக்குமான அனுமதி. ஒன்றைக் கட்டியதால் மற்றொன்று வந்துவிடாது. வரி வாங்கிய கையோடு, ‘உரிமம் எடுத்துவிட்டீர்களா?’ என்று கேட்க ஒரு பில் கலெக்டருக்கு அரை நிமிடம் ஆகுமா?

இத்தனையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் அரசுக்குக் கட்டும் கட்டணம் பெரிதல்ல. செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் போய்வரும் நாள் அவருக்குக் கூலி இல்லாத நாள். அதைவிடக் கொடியது இந்த வேலைகளின் வரிசை. கடனுக்குப் போனால் வங்கி உரிமத்தைக் கேட்கிறது. உரிமத்துக்குப் போனால் இடத்தைக் காட்டச் சொல்கிறார்கள். இடத்துக்குப் போனால் அட்வான்ஸ் கேட்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கத்தான் கடனே தேவைப்பட்டது. எந்த அலுவலகமும் தவறு செய்யவில்லை. ஒவ்வொன்றும் தன் விதிப்படிதான் கேட்கிறது. நடுவில் அகப்பட்டவர் ஆறு மாதம் சுற்றிவிட்டு, உரிமமே இல்லாமல் முன்னறையில் கிரைண்டரைப் போட்டுவிடுகிறார். பிறகு யார் கதவைத் தட்டினாலும் அவருக்குப் பயம்.

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் 1983-இல் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் ஆய்வுக் குழுவினர் இதை நடத்தியே பார்த்தார்கள். நகரின் விளிம்பில் ஒரு சிறு தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்யப் புறப்பட்டு, எல்லாக் காகிதமும் கைக்கு வர 289 நாள் ஆனது. ஏழைகள் சட்டத்துக்கு வெளியே தொழில் செய்வது விருப்பத்தால் அல்ல, சட்டத்துக்குள் வர ஆகும் செலவு தாங்காததால்தான் என்று உலகமே பேசத் தொடங்கியதற்கு அந்த எண் ஒரு காரணம். டி சோட்டோவின் மற்ற முடிவுகளோடு பலர் மாறுபடுகிறார்கள். எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடலாம் என்பதை ஏற்க முடியாதவர்களும் அந்த 289 நாளை மறுக்க முடியாது.

தமிழ்நாட்டில் இந்தச் சுற்றை அவிழ்ப்பதற்கான ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. ஏராளமாகவே இருக்கின்றன. 1978-இல் நாடு முழுக்கத் தொடங்கப்பட்ட மாவட்டத் தொழில் மையங்கள் இன்று மாவட்டந்தோறும் இருக்கின்றன. 2018-இல் தொழில் எளிதாக்கல் சட்டம் வந்தது. ஒற்றைச் சாளர முறையும், ஒவ்வொரு அனுமதிக்கும் கால வரம்பும் அதில் உண்டு. 2020 ஜூலை முதல் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வந்தது. ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம்; அதற்கென்று ஐந்நூறும் ஆயிரமும் கொடுத்தவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள். மாவு போல ஒரு பொருளைத் தயாரிப்பவருக்கு அந்தப் பதிவு வெறும் சான்றிதழ் அல்ல. ஓட்டல்காரர் மாவு வாங்கிவிட்டுப் பணம் தராமல் இழுத்தடித்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் கடந்த பாக்கிக்குக் கூட்டு வட்டியோடு கேட்க அவருக்கு உரிமை உண்டு. முறையிடச் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் வசதியாக்கல் மன்றங்கள் இருக்கின்றன. சின்ன வியாபாரி பெரிய வாடிக்கையாளரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதற்காக எழுதப்பட்ட சட்டம் அது.

கடனுக்கும் வழிகள் உண்டு. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. மானியக் கடன் திட்டம், எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி., அதற்கு மேல் படித்தவருக்கு நீட்ஸ், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 35 விழுக்காடு மானியத்தோடு 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். பத்து லட்சம் ரூபாய் வரை குறு, சிறு தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்திவிட்டது. இதைச் சொல்லிக் கேட்கும் துணிவு ஒரு மாவுக்காரப் பெண்ணுக்கு வர, அருகில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மானியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், இங்கேதான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். ‘மானியம் கைக்கு வரும், பாதி உனக்கு, பாதி எனக்கு’ என்று பேசி அழைத்துப் போகிறார்கள். மானியம் கைக்கு வருவதே இல்லை. பி.எம்.இ.ஜி.பி.யில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிராமப்புறத்தில் ஒரு பெண் நான்கு லட்சம் ரூபாயில் மாவுத் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பங்கு ஐந்து விழுக்காடு, இருபதாயிரம். மீதி மூன்று லட்சத்து எண்பதாயிரத்தை வங்கி கடனாகத் தருகிறது. அரசின் மானியம் 35 விழுக்காடு, ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அந்தத் தொகை அவர் பெயரில் வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கும் வட்டி போடமாட்டார்கள். மூன்று ஆண்டு தொழில் ஓடுகிறது என்று நேரில் வந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் அது கடனில் கழியும். இடையில் கிரைண்டரை விற்றுவிட்டுக் கதவைச் சாத்தினால் மானியம் திரும்பிப் போய்விடும், முழுக் கடனும் தலைமேல் நிற்கும். தொழிலை நடத்த நினைப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. பணத்துக்காக மட்டும் பெயர் கொடுப்பவருக்கு இது பொறி. இரண்டையும் முதல் நாளே எடுத்துச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை.

மாவட்டத் தொழில் மையம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. பேருந்துக்கு நூறு ரூபாய் செலவழித்து அங்கே போகிறவர் ஏற்கெனவே பாதி தேறியவர். தேறாதவர் போகும் இடம் பேரூராட்சி அலுவலகம்தான். குடிநீர் இணைப்புக்கும் பிறப்புச் சான்றுக்கும் போய்ப் பழகிய இடம்.

அண்டையில் கேரளம் இதைப் புரிந்துகொண்டது. 2022-23 நிதியாண்டைத் தொழில்முனைவோர் ஆண்டாக அறிவித்து, ஓராண்டில் ஒரு லட்சம் புதிய தொழில்கள் என்று இலக்கு வைத்தார்கள். இலக்கை எந்த மாநிலமும் வைக்கும். அவர்கள் செய்த முக்கியமான வேலை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொறியியல், மேலாண்மைப் பட்டதாரிகளைப் பயிற்சியாளர்களாக எடுத்து ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி அலுவலகங்களுக்கே அனுப்பியது. வாரத்தில் குறித்த நாட்களில் அங்கே உதவி மேசை. வந்தவரின் யோசனையைக் கேட்டு, எந்த அனுமதி முதலில், எது பிறகு என்று எழுதிக் கொடுத்து, விண்ணப்பத்தைத் தாங்களே ஏற்றி, வங்கி வரை கூடப் போனார்கள். ஆண்டு முடிவில் 1,39,000-க்கும் மேற்பட்ட தொழில்கள் பதிவானதாக அந்த அரசு அறிவித்தது. ஏற்கெனவே இருந்த கடைகளையும் புதியவை என்று கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும், ஊராட்சி அலுவலகத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்து ‘என்ன தொழில் தொடங்கப் போகிறீர்கள், சேச்சி?’ என்று கேட்டது உண்மை. அதற்கு முன் 2019-இலேயே ஒரு சட்டம் போட்டு, சுயஉறுதிமொழி கொடுத்து ஒப்புகைச் சான்று பெற்றவர் மூன்று ஆண்டு வரை மற்ற அனுமதிகளுக்குக் காத்திராமல் தொழில் நடத்தலாம் என்றும் வழிசெய்திருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் அதற்கு நிகரான ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அதைப் பேசுவோர் குறைவு. வாழ்ந்து காட்டுவோம் திட்டம் 120 வட்டாரங்களில், 3,994 ஊராட்சிகளில் உலக வங்கி உதவியோடு நடந்தது. அதன் கீழ் ‘மதி சிறகுகள் தொழில் மையம்’ என்ற பெயரில் உதவி மையங்கள் திறக்கப்பட்டன. தொழில் திட்டம் தயாரிப்பது, பதிவுகள் எடுத்துக் கொடுப்பது, வங்கிக் கடனுக்கு உதவுவது எல்லாம் ஓரிடத்தில். கடனில் முப்பது விழுக்காட்டை இணை மானியமாகக் கொடுத்தார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் முளைவிட்ட மாநிலத்துக்கு இது இயல்பான அடுத்த படி. ஆனால் திட்டம் என்றாலே அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. பேரூராட்சி அலுவலகத்துக்கு அப்படி முடிவு நாள் கிடையாது. ஆகவே அந்த வேலை உள்ளாட்சியின் நிரந்தர வேலையாக வேண்டும்.

உரிமம் காப்பாக இருக்க முடியும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று தெருவோர வியாபாரிகளின் கதை. 1985-இல் மும்பை வியாபாரிகள் வழக்கு, 1989-இல் சோதன் சிங் வழக்கு என்று உச்ச நீதிமன்றத்தின் படியேறி ஏறி, தெருவில் விற்பதும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று அவர்கள் நிலைநாட்டினார்கள். 2010-இல் கெய்ந்தா ராம் வழக்கில் நீதிமன்றம் சட்டம் இயற்றச் சொன்னது. 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கப்படும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதன் மூன்றாவது பிரிவு சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது விழுக்காட்டு உறுப்பினர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வேறெந்தத் தொழிலிலும் உரிமம் பெறுகிறவருக்கு உரிமம் கொடுக்கும் குழுவில் இவ்வளவு இடம் கிடையாது.

அந்தச் சான்றின் அருமை 2020-இல் தெரிந்தது. ஊரடங்கில் முதலைத் தின்றுவிட்ட வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் பிணையில்லாக் கடன் தர அந்த ஆண்டு ஜூனில் பி.எம். ஸ்வநிதி திட்டம் வந்தது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து இருபதாயிரம், பிறகு ஐம்பதாயிரம், வட்டியில் ஏழு விழுக்காடு மானியம் என்பது அன்றைய ஏற்பாடு. யாருக்குக் கிடைத்தது? நகராட்சியின் விற்பனைச் சான்றோ அடையாள அட்டையோ உள்ளவருக்கு. இல்லாதவர் நகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி வர வேண்டியிருந்தது. அதுவரை ‘எடு, எடு’ என்று வண்டியை விரட்டிய அதே அலுவலகம், ‘இவர் இந்த ஊரில் வியாபாரம் செய்பவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஓர் உள்ளாட்சி தன் குடிமகனுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இது பெரியது, செலவோ ஒரு தாள்.

அந்த நிலையில்தான் 2025-இன் ஊராட்சி விதிகளை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஊராட்சி உரிமம் எடுத்த கடைக்காரருக்கு வங்கியில் அது ஆவணமாக ஏற்கப்படும், மின் இணைப்புக்கு அதுவே போதும், சாலை விரிவாக்கத்தில் கடை போனால் இழப்பீடு கேட்க ஆதாரமாகும் என்று விதியோடு சேர்த்தே உறுதி கொடுத்திருந்தால் எதிர்ப்பின் குரல் வேறாக இருந்திருக்கும். கட்டணத்தை முதலில் சொல்லிப் பயனைச் சொல்லாமல் விட்டது, நல்ல நோக்கம் இருந்தாலும், தவறான தொடக்கம்.

உள்ளாட்சி மன்றங்கள் இதற்காகக் கோட்டையிலிருந்து ஆணை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சந்தை நாளில் அலுவலக வாசலில் ஒரு மேசை போடலாம். அந்த ஊரில் அதிகம் தொடங்கப்படும் தொழில்கள் பத்துக்கு மேல் இருக்காது: மாவு, டீக்கடை, தையல், இறைச்சி, இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு, அழகு நிலையம், செக்கு, இன்னும் இரண்டு மூன்று. ஒவ்வொன்றுக்கும் எந்தக் காகிதம், எந்த அலுவலகம், எந்த வரிசை, எவ்வளவு கட்டணம் என்று ஒரே தாளில் தமிழில் அச்சடித்து வைக்கலாம். வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே சுகாதார ஆய்வாளர் இடத்தை வந்து பார்த்து, கழிவுநீர் போக வழி இருக்கிறதா, இங்கே இந்தத் தொழிலுக்கு அனுமதி கிடைக்குமா என்று சொல்லிவிட்டால் அட்வான்ஸ் பணம் பாழாவது நின்றுபோகும். மாவு கழுவிய தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலில் தேங்குவதுதான் பல இடங்களில் முதல் புகாராக வருகிறது. ஐந்தடி குழாயில் தீர்கிற விஷயம் அது. முன்கூட்டியே பார்த்துச் சொன்னால் புகாரே வராது, உரிமமும் தடைபடாது.

மேசையில் உட்காரும் ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். அந்த ஊரின் மகளிர் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிற பெண் ஒருவர் நிச்சயம் இருப்பார். வங்கி மேலாளரை அவருக்குத் தெரியும், படிவமும் பழக்கம். வாரம் இரண்டு நாளுக்கு மதிப்பூதியம் கொடுத்து அவரை உட்காரவைப்பது எந்தப் பேரூராட்சிக்கும் தாங்கக்கூடிய செலவு.

கடைசியாக, புதுப்பித்தல். முதல் ஆண்டு உரிமம் எடுத்தவர்களில் யார் மறு ஆண்டு வரவில்லை என்பது சுகாதாரப் பிரிவின் பதிவேட்டிலேயே இருக்கும். இப்போது அந்தப் பட்டியல் அபராத நோட்டீஸ் அனுப்ப மட்டுமே வெளியே வருகிறது. அதை ஆண்டுக்கு ஒருமுறை மன்றக் கூட்டத்தில் வைத்து, வார்டு உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தம் வார்டில் உள்ளவர்களை நேரில் பார்த்து, கடை நடக்கிறதா, மூடிவிட்டதா, மூடியதென்றால் ஏன் என்று கேட்டு வரலாம். வாடகை தாங்கவில்லை என்று ஒருவர் சொல்வார். பேரூராட்சிக்குச் சொந்தமான வணிக வளாகத்தில் ஏலம் போகாத கடை ஒன்று பூட்டிக் கிடக்கும். ஓட்டல்காரர் பாக்கி வைத்துவிட்டார் என்று இன்னொருவர் சொல்வார். 45 நாள் சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்லி, மதுரைக்கோ கோவைக்கோ மனு எழுதிக் கொடுக்க அந்த மேசையில் ஆள் இருப்பார்.